முதல் பர்பன் பாட்டில் வாங்குபவருக்கு: ஐடி முதல் ஊருக்குக் கொண்டுபோவது வரை

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் மதுக்கடையில் திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி வரிசை. ஊரில் கவுண்டரில் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இங்கே ஒரு சுவர் முழுக்க பாட்டில்கள். 15 டாலரில் ஆரம்பித்து பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிரம் டாலர் வரை போகும். எதற்கு எது மேல், ஏன் இந்த விலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைப் பையனைக் கேட்டால் அன்றைக்கு எது தேங்கிக் கிடக்கிறதோ அதைக் காட்டுவான்.

நான் கடை கடையாக நின்று லேபிள் படித்தும், பர்பன் பெரும்பகுதி தயாராகும் கென்டக்கி மாநிலத்துக்குப் போய் வந்தும், விவரம் தெரிந்தவர்களை நச்சரித்தும் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 20 முதல் 40 டாலருக்குள் அருமையான பர்பன் கிடைக்கும். அதற்கு லேபிளில் நாலைந்து சொற்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். குதிரை பொம்மை மூடிக்கும் கனமான கண்ணாடிக்கும் கொடுக்கிற காசு நாக்குக்கு வந்து சேராது.

கீழே சொல்லும் விலைகள் எல்லாம் 750 மில்லி பாட்டிலுக்கு, வரி சேர்க்காமல், தோராயமாக. மாநிலத்துக்கு மாநிலம் சில டாலர் கூடும், குறையும். இன்னொன்று, குடிக்காதவர்களைக் குடிக்கத் தூண்டுவதற்காக இதை எழுதவில்லை. வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு மட்டும்.

1. கடைக்குக் கிளம்பும் முன் ஐடியைப் பாருங்கள்

வயது 21 ஆகியிருக்க வேண்டும். இது நாடு முழுக்க ஒரே விதி. தலை நரைத்திருந்தாலும் ஐடி கேட்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தைப் பல கடைகள் ஏற்பதில்லை. ஒரு கடையில் என் உரிமத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்கள். பாஸ்போர்ட் செல்லும், ஆனால் அசல் வேண்டும். போனில் இருக்கும் படமும் ஜெராக்ஸும் எடுபடாது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நம் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி நாள், மாதம், ஆண்டு என்று இருக்கும். இங்கே மாதத்தை முதலில் படிப்பார்கள். 21 வயதை ஒட்டி இருப்பவர்களுக்கு இது வம்பாகிவிடும். அமெரிக்க விசா ஒட்டிய பக்கத்தில் மாதம் எழுத்தில் அச்சாகி இருக்கும். அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினால் குழப்பம் தீர்ந்துவிடும்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை வாராவாரம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிவது நல்லதல்ல. தொலைந்தால் பாட்டில் விலையைவிடப் பல மடங்கு செலவும் அலைச்சலும் ஆகும். கார் ஓட்டத் தெரியாவிட்டாலும் மாநில அரசின் அடையாள அட்டை வாங்கலாம், அதற்கு ஓட்டுநர் தேர்வு கிடையாது. வந்த கையோடு அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

நாலு பேர் சேர்ந்து போனால் நாலு பேரிடமும் ஐடி கேட்கிற கடைகள் உண்டு. ஒருவரிடம் இல்லை என்றால் யாருக்கும் விற்கமாட்டார்கள். ஐடி இல்லாதவர் காரிலேயே இருக்கட்டும்.

2. உங்கள் மாநிலத்தின் விதி என்ன?

இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கலிஃபோர்னியாவில் சூப்பர் மார்க்கெட்டிலேயே, பால் வாங்கப் போன இடத்தில் விஸ்கியும் வாங்கலாம். நியூயார்க்கில் சூப்பர் மார்க்கெட்டில் பீர் கிடைக்கும், விஸ்கி கிடைக்காது. அதற்குத் தனிக் கடை. டெக்சாஸில் விஸ்கிக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை, மற்ற நாள்களில் காலை 10 முதல் இரவு 9 வரை. விர்ஜினியா, வட கரோலினா, பென்சில்வேனியா போன்ற 17 மாநிலங்களில் மது வணிகம் ஏதோ ஒரு வகையில் அரசின் கையில் இருக்கிறது. விர்ஜினியாவிலும் வட கரோலினாவிலும் அந்தக் கடைக்கு ஏபிசி ஸ்டோர் என்று பெயர். டாஸ்மாக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு அரசு மது விற்பது புதிதில்லை. ஆனால் இங்கே விளக்கு வெளிச்சமாக இருக்கும், எந்தக் கடையில் எத்தனை பாட்டில் கையிருப்பு என்று இணையத்திலேயே பார்த்துவிட்டுப் போகலாம். மாநிலம் முழுக்க ஒரே விலை என்பதால் கடை கடையாக விலை விசாரிக்கிற வேலையும் மிச்சம்.

அலமாரியில் ஒட்டியிருப்பது வரி சேராத விலை. பெரும்பாலான இடங்களில் 6 முதல் 10 சதவீதம் கூடும். வாஷிங்டன் மாநிலம், அதாவது சியாட்டில் பக்கம், இதில் தனி ரகம். அங்கே மதுவுக்கு 20.5 சதவீத விற்பனை வரி. அதற்கு மேல் லிட்டருக்கு 3.77 டாலர். 30 டாலர் என்று எடுத்த பாட்டில் பில்லில் 39 டாலர் ஆகிவிடும். நேர்மாறாக, நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரியே கிடையாது. பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள் அங்கே எட்டிப் பார்த்துவிட்டு வருவது இதற்காகத்தான்.

வாங்கிய பாட்டிலை டிக்கியில் வையுங்கள். மூடி திறந்த பாட்டில் காருக்குள் கை எட்டும் இடத்தில் இருப்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம், ஓட்டுபவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காவிட்டாலும். விருந்துக்குக் கொண்டுபோய்ப் பாதி மிஞ்சிய பாட்டிலைத் திரும்ப எடுத்து வரும்போதுதான் பலர் இதை மறக்கிறார்கள்.

3. லேபிளைப் படியுங்கள்

கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

பர்பன் என்ற சொல்லை லேபிளில் போடுவதற்கு அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் தயாரித்திருக்க வேண்டும். தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். உள்பக்கம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கலனில் ஊற வேண்டும். வடிக்கும்போது சாராயம் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கலனில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நிறமோ வாசனையோ சேர்க்கக் கூடாது. அந்தப் பழுப்பு நிறம் முழுக்க முழுக்க மரத்திலிருந்து வந்தது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, பெரும்பகுதி அங்கே தயாராகிறது என்பது வேறு விஷயம்.

இந்த நிபந்தனைகளில் வயது பற்றி ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வெறும் பர்பன் என்று மட்டும் போட்டால் கலனில் குறைந்தது இத்தனை ஆண்டு இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. அதனால் நீங்கள் தேட வேண்டிய முதல் சொல் ஸ்ட்ரெய்ட். அந்தச் சொல் இருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு ஊறியது. நாலு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் வயதைக் கட்டாயம் எழுத வேண்டும். எனவே ஸ்ட்ரெய்ட் என்று இருந்து, வயது எதுவும் எழுதியிருக்கவில்லை என்றால், அது குறைந்தது நாலு ஆண்டுச் சரக்கு. வயது எழுதியிருந்தால் உள்ளே கலந்திருப்பதில் மிக இளையதன் வயதைத்தான் எழுத முடியும்.

இரண்டாவது சொல் பாட்டில்ட் இன் பாண்ட். 1897ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலிருந்து வருவது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது நாலு ஆண்டு வைத்திருந்து, சரியாக 50 சதவீதத்தில் அடைத்தது என்று பொருள். எங்கே வடித்தார்கள் என்பதும் லேபிளில் தெரியும். காசுக்கு மதிப்பான பாட்டில் வேண்டும் என்றால் இந்தச் சொல் இருக்கும் பாட்டிலை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய்விடலாம். என் கணக்கில் இந்த வரிசையிலேயே மிக நேர்மையான சொல் இதுதான்.

புரூஃப் என்று ஒரு எண் இருக்கும். அதைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவீதம். 90 புரூஃப் என்றால் 45 சதவீதம்.

இனி, கண்டுகொள்ளாமல் விட வேண்டியவை. ஸ்மால் பேட்ச் என்பதற்குச் சட்டத்தில் வரையறையே இல்லை. பத்துப் பீப்பாயும் ஸ்மால் பேட்ச்தான், பல நூறு பீப்பாயும் ஸ்மால் பேட்ச்தான். கைவினை, பாரம்பரியம், தாத்தாவின் ரகசியக் கலவை என்பதெல்லாம் விளம்பரம்.

அப்புறம் பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் பாருங்கள். இன்ன ஊரில் வடித்தது என்று இருக்கிறதா, அல்லது அடைத்தது, தயாரித்தது என்று மட்டும் இருக்கிறதா? இரண்டாவது வகையில் சரக்கு வேறு எங்கிருந்தோ வந்திருக்கலாம். இது ஏமாற்று வேலை இல்லை. இண்டியானா மாநிலத்து லாரன்ஸ்பர்க்கில் உள்ள ஒரு பெரிய வடிசாலையிலிருந்து வாங்கித் தங்கள் பெயரில் விற்கும் நிறுவனங்கள் பல உண்டு, அந்தச் சரக்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் நேற்று முளைத்த நிறுவனம், மலையோரக் குடிசைப் படம், 70 டாலர் விலை, உள்ளே வெளியில் வாங்கிய விஸ்கி என்றால் யோசியுங்கள். கென்டக்கியிலும் ஒரு லாரன்ஸ்பர்க் இருக்கிறது. வைல்ட் டர்க்கியும் ஃபோர் ரோசஸும் அந்த ஊர். ஊர்ப் பெயரோடு மாநிலத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

பர்பன் மாதிரியே தோற்றத்தில் வருபவை மூன்று. ஜாக் டேனியல்ஸ் டென்னசி விஸ்கி. மேப்பிள் மரக் கரியில் வடிகட்டியது, பர்பன் என்று லேபிளில் போட்டுக்கொள்வதில்லை. நல்ல சரக்குதான், வகை வேறு. தேன், ஆப்பிள், பட்டை வாசனை என்று வருபவை சர்க்கரை சேர்த்தவை, 35 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பிளெண்டட் என்று இருந்தால் வேறு சாராயம் நிறையக் கலந்திருக்கலாம். வாங்குகிற பாட்டில் பர்பன்தானா என்று முன் லேபிளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

4. காரமா, மென்மையா?

மக்காச்சோளம் எல்லாவற்றிலும் உண்டு, இனிப்பு அதிலிருந்து வருகிறது. மால்ட் பார்லியும் கொஞ்சம் இருக்கும். சுவையைப் பிரிப்பது மூன்றாவது தானியம்தான்.

வழக்கமாக அது ரை என்ற தானியம். மிளகு, கிராம்பு மாதிரி ஒரு காரம் கொடுக்கும். ஓல்டு கிராண்ட் டாட், புல்லெட் ஆகியவற்றில் ரை கால்பங்குக்கு மேல். ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரலில் 35 சதவீதம். ரைக்குப் பதில் கோதுமை சேர்த்தால் காரம் அடங்கி, மெத்தென்று இறங்கும். மேக்கர்ஸ் மார்க், லார்சனி, வெல்லர் இந்த வகை.

மசாலாவிலேயே வளர்ந்த நாக்குக்கு ரை அதிகமுள்ளது பிடிக்கும் என்பது என் அனுபவம். வீட்டு விருந்தில் மிளகு வறுவலுக்குப் பக்கத்தில் கோதுமை பர்பன் காணாமல் போய்விடுகிறது. ஸ்காட்ச் குடித்துப் பழகியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: புகை வாசனையை இங்கே தேடாதீர்கள். வெனிலாவும் காய்ச்சிய சர்க்கரையும்தான் முன்னால் நிற்கும். அவை கருக்கிய புது மரம் தருபவை.

வயது கூடினால் சுவை கூடும் என்ற கணக்கும் இங்கே அப்படியே பொருந்தாது. புது மரம், கென்டக்கியின் கொதிக்கிற கோடை, இரண்டும் சேர்ந்து மரச்சாரத்தைச் சீக்கிரம் இறக்கிவிடும். ஆறு முதல் பத்து ஆண்டு நல்ல இடம். 15 ஆண்டைத் தாண்டியதில் சில, மரப்பட்டையைக் கடித்ததுபோலத் துவர்க்கும்.

5. முதல் பாட்டில்

ஒரே ஒரு பாட்டில் என்றால் வைல்ட் டர்க்கி 101 எடுங்கள். 50.5 சதவீதம், 25 டாலரை ஒட்டி, நாட்டின் எந்த மூலையிலும் கிடைக்கும். ராவாகவும் குடிக்கலாம், ஐஸ் போட்டாலும் தாங்கும், எதில் கலந்தாலும் முகம் காட்டும்.

அதன் வேகம் அதிகம் என்று பட்டால் பஃபலோ ட்ரேஸ் அல்லது மேக்கர்ஸ் மார்க். இரண்டும் 45 சதவீதம், 25 முதல் 30 டாலர். பஃபலோ ட்ரேஸ் சில மாநிலங்களில் வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அதை 50 டாலருக்கு விற்கிற கடையில் வேறு எதையும்கூட வாங்காதீர்கள்.

கையைக் கடிக்காமல் வேண்டும் என்றால் எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள், பாட்டில்ட் இன் பாண்ட், 20 டாலருக்குள். அதே பெயரில் கறுப்பு லேபிள் இன்னும் மலிவு, ஆனால் 43 சதவீதம்தான். மூன்று நாலு டாலரை மிச்சம் பிடிக்க அதற்குப் போக வேண்டாம். ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க நாப் க்ரீக் 9 ஆண்டு அல்லது வுட்ஃபோர்ட் ரிசர்வ், 35 முதல் 40 டாலர். நாப் க்ரீக்கில் வயதும் எழுதியிருக்கிறது, 50 சதவீதமும் இருக்கிறது. வுட்ஃபோர்டில் பாட்டில் அழகு.

முழு பாட்டில் பயமாக இருந்தால் கவுண்டர் பக்கத்தில் 50 மில்லி குட்டி பாட்டில்கள் வைத்திருப்பார்கள், இரண்டு மூன்று டாலர். மூன்று வகை வாங்கி ஒரு வாரக் கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது உங்களுக்கானது என்று பத்து டாலருக்குள் தெரிந்துவிடும்.

6. கிடைக்காத பாட்டிலைத் துரத்தாதீர்கள்

பாப்பி வான் விங்கிள், வெல்லர், பிளான்டன்ஸ் என்ற பெயர்களை அலுவலகத்தில் யாராவது ஒருவர் உங்கள் காதில் போடுவார். இவை கடைக்குக் குறைந்த எண்ணிக்கையில் வந்து சேர்பவை. நிறுவனம் சொல்லும் விலைக்கும் கடை கேட்கும் விலைக்கும் சம்பந்தம் இருக்காது. பிளான்டன்ஸின் பரிந்துரை விலை 65 டாலரை ஒட்டியது. பூட்டிய பெட்டிக்குள் அது 120, 150 என்று நிற்கும். பாப்பிக்கு ஆயிரங்களில் கேட்பார்கள். பிளான்டன்ஸ் நல்ல விஸ்கி. ஆனால் 150 டாலர் கொடுக்கும் அளவுக்கு நல்ல விஸ்கி இல்லை.

நியாய விலைக்கு வாங்க வழி உண்டு. அரசுக் கடை உள்ள மாநிலங்கள் சிலவற்றில் குலுக்கல் நடத்துகிறார்கள். பென்சில்வேனியா, விர்ஜினியா இரண்டிலும் இணையத்தில் பதிவு செய்யலாம். ஜெயித்தால் பரிந்துரை விலைக்கே கிடைக்கும், தோற்றால் நஷ்டமில்லை. சில தனியார் கடைகள் அரிய பாட்டிலோடு விற்காத சரக்கு நாலைச் சேர்த்துக் கட்டி விற்கும். அந்தக் கட்டை வாங்காதீர்கள்.

சமூக வலைத்தளங்களில் தனிநபர்கள் விற்பதை முழுக்கத் தவிர்க்கவும். உரிமமில்லாமல் மது விற்பது சட்டவிரோதம். காலி பாட்டிலில் மலிவான சரக்கை ஊற்றி மூடி ஒட்டி விற்பதும் நடக்கிறது. பணம் போனால் எங்கும் புகார் கொடுக்க முடியாது.

7. குடிக்கும் முறை

ஒரு ஊற்றுக்கு 1.5 அவுன்ஸ், அதாவது 44 மில்லி, கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் லார்ஜ் 60 மில்லி. 50 சதவீத பர்பனில் அதே பழக்கத்தில் ஊற்றினால் இரண்டாவது டம்ளரிலேயே ஆட்டம் தெரியும். ஒரு பாட்டிலில் 17 ஊற்று வரும். 25 டாலர் பாட்டில் என்றால் ஊற்றுக்கு ஒன்றரை டாலர்.

ஊற்றியதும் உடனே வாயில் வைக்காமல் சில நிமிடம் விடுங்கள். முகரும்போது மூக்கை டம்ளருக்குள் நுழைக்காமல், வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு, விளிம்பிலிருந்து முகருங்கள். ஆல்கஹால் நெடி குறைந்து வாசனை தெரியும். முதல் வாய் எப்போதும் எரியும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொஞ்சமாக எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். இரண்டாம் வாயில் இனிப்பு வரும், மூன்றாவதில் மரமும் காரமும் பிரியும். விழுங்கிய பின் நெஞ்சில் பரவும் வெதுவெதுப்புக்குக் கென்டக்கி அணைப்பு என்று அந்த ஊரில் செல்லப் பெயர்.

எரிச்சல் அடங்கவில்லையா? அரை ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் கலப்பது கௌரவக் குறைச்சல் இல்லை, வடிசாலைக்காரர்களே செய்வதுதான். ஐஸ் போட்டால் பெரிய கட்டியாக ஒன்று. சின்னக் கட்டிகள் கரைந்து ஐந்து நிமிடத்தில் சர்பத்தாக்கிவிடும். கோக் கலந்து குடிப்பது உங்கள் இஷ்டம், ஆனால் அதற்கு 40 டாலர் பாட்டிலை எடுக்காதீர்கள். ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சி சோடா இதைவிட நன்றாகப் பொருந்தும்.

ஓல்டு ஃபேஷன்ட் என்ற காக்டெயலை வீட்டிலேயே செய்யலாம். ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் ஆங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு மூன்று சொட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர். கரைத்து, 60 மில்லி பர்பன், பெரிய ஐஸ் ஒன்று. ஆரஞ்சுத் தோலை மேலே முறுக்கிப் பிழிந்து உள்ளே போடுங்கள். அவ்வளவுதான். இதற்கு 50 சதவீத பர்பன்தான் சரி, 40இல் செய்தால் நீர்த்துவிடும்.

வயிறு காலியாக இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

பாட்டிலை நிற்க வைத்துத்தான் பாதுகாக்க வேண்டும்; படுக்க வைத்தால் சாராயம் தக்கையை அரித்துவிடும். வெயில் படாத அலமாரி போதும், ஃப்ரிட்ஜ் வேண்டாம். திறந்த பாட்டில் ஓராண்டு தாராளமாக இருக்கும், அடியில் கொஞ்சம்தான் என்றால் சீக்கிரம் முடித்துவிடுங்கள். மூடியிருக்கும் பாட்டிலில் வயது கூடாது. 9 ஆண்டு விஸ்கியை அலமாரியில் பத்தாண்டு வைத்தாலும் அது 9 ஆண்டு விஸ்கிதான்.

8. பாரில்

ஸ்மால், லார்ஜ் என்றால் புரியாது. நீட் என்றால் ராவாக, ஆன் தி ராக்ஸ் என்றால் ஐஸோடு. பெயரைச் சொல்லாமல் பர்பன் என்று மட்டும் கேட்டால் அந்த பாரின் மலிவான பாட்டிலில் ஊற்றுவார்கள், அதில் தவறில்லை. அரிய பாட்டிலைச் சுட்டினால் விலையைக் கேட்டுவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். ஒரு ஊற்று 80 டாலர் என்பது பில்லில் தெரியும்போது தாமதமாகிவிட்டிருக்கும். ஃபிளைட் என்று மூன்று நாலு வகையைச் சின்ன அளவில் வரிசையாக வைப்பார்கள். புதியவர்களுக்கு அதுதான் லாபம். சாதாரண ஊற்று 10 முதல் 15 டாலர், அதற்கு மேல் வரி, 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ்.

திரும்பும்போது வண்டியை எடுக்காதீர்கள். ரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது பொதுவான வரம்பு, யூட்டாவில் 0.05. எச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது: குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். அடுத்த முறை ஊருக்குப் போனால் திரும்பி வரப் புதிதாக விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை என்று மாதக் கணக்கில் இழுக்கும். ஊபருக்கு 20 டாலர் கொடுத்துவிடுங்கள்.

9. கென்டக்கிக்குப் போக நினைத்தால்

லூயிவில் விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் எடுப்பது வழக்கம். பார்ட்ஸ்டவுன் சுமார் 40 மைல், பஃபலோ ட்ரேஸ் இருக்கும் ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 55 மைல். மேக்கர்ஸ் மார்க் இருக்கும் லொரெட்டோ பார்ட்ஸ்டவுனிலிருந்து அரை மணி நேரம். அங்கே வாங்கிய பாட்டிலை நீங்களே சிவப்பு மெழுகில் முக்கி எடுக்கலாம், குழந்தைத்தனமாகத் தோன்றும், ஆனால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் பெரியவர்கள்.

நாளைக்கு இரண்டு வடிசாலை போதும், மூன்று உச்சம். சுற்றிக் காட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மாலை ஐந்தை ஒட்டிப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். கட்டணம் பொதுவாக 20 முதல் 35 டாலர். வார இறுதி இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒரு மாதம் முன்பே இணையத்தில் பதிவு செய்யுங்கள். சுவை பார்க்க பாஸ்போர்ட்டோ மாநில ஐடியோ அங்கேயும் வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் பதிவு செய்யும் பக்கத்தில் வயது விதியைப் பாருங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

மே முதல் சனிக்கிழமை குதிரைப் பந்தயம். அந்த வாரம் விடுதி வாடகை எகிறும். ஜூலை, ஆகஸ்ட்டில் பராமரிப்புக்காகப் பல இடங்களில் வடிப்பதை நிறுத்திவைப்பார்கள், சுற்றுலா நடக்கும், கொப்பரை மட்டும் சும்மா இருக்கும். ஏப்ரலும் அக்டோபரும் நல்ல மாதங்கள். குழுவில் ஒருவர் குடிக்காமல் ஓட்ட வேண்டும். ஆள் இல்லை என்றால் வேன் வைத்து அழைத்துப்போகும் சேவைகள் இருக்கின்றன, செலவு கூடும்.

10. ஊருக்குக் கொண்டுபோக

அமெரிக்க விமான விதிப்படி 24 முதல் 70 சதவீதம் வரை உள்ள மதுவை, மூடி திறக்காத கடைப் பாட்டிலாக, ஒருவர் 5 லிட்டர் வரை செக்-இன் பெட்டியில் வைக்கலாம். 70 சதவீதத்தைத் தாண்டியது விமானத்திலேயே ஏறாது. பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அடைக்கும் பர்பன்களில் அபூர்வமாகச் சில அந்த அளவைத் தொடும், எண்ணைப் பாருங்கள்.

ஆனால் இந்தியச் சுங்கம் வரியில்லாமல் விடுவது ஒருவருக்கு 2 லிட்டர். மூன்று 750 மில்லி பாட்டில் 2.25 லிட்டர் ஆகிவிடும். இரண்டு பாட்டிலோடு 375 மில்லி ஒன்று, அல்லது ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு என்று திட்டமிடுங்கள். இதில் வரும் வழியில் டியூட்டி ஃப்ரீயில் வாங்குவதும் சேரும், தனிக் கணக்கு கிடையாது. அதிகமாக இருந்தால் சிவப்பு வழியில் போய் அறிவித்து வரி கட்ட வேண்டும். பில்லைக் கையில் வைத்திருங்கள்.

டியூட்டி ஃப்ரீ பாட்டிலோடு டெல்லியிலோ மும்பையிலோ இறங்கிச் சென்னைக்கு உள்நாட்டு விமானம் மாறுபவர்கள், பெட்டியை மறுபடி ஒப்படைக்கும் இடத்திலேயே பாட்டிலை அதற்குள் வைத்துவிடுங்கள். கைப்பையோடு பாதுகாப்புச் சோதனைக்குப் போனால் அங்கேயே விட்டுவிட்டு வர நேரிடலாம். குஜராத்துக்கோ பீகாருக்கோ போகிறவர்கள் கொண்டுபோகவே வேண்டாம், அங்கே மதுவிலக்கு.

தபாலில் அனுப்பலாமே என்று தோன்றும். அமெரிக்க அஞ்சல் துறை மதுவை ஏற்பதில்லை, தனியார் கூரியர்களும் தனிநபரிடமிருந்து வாங்கமாட்டார்கள். ஆக, பெட்டிதான் வழி. பாட்டிலின் கழுத்தைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் பையில் போட்டு, ஜீன்ஸ் துணியில் சுருட்டிப் பெட்டியின் நடுவில் வையுங்கள், சக்கரம் இருக்கும் பக்கம் வேண்டாம். மெழுகு மூடியுள்ள பாட்டில் ஒழுகுவது குறைவு. தக்கை மூடி என்றால் இரண்டு பையாகப் போடுங்கள்.